கம்பெனி கூலர்

விடிந்ததும் எழுந்தேன். பால் காய்ச்சினேன். ஒரு டம்ளர் குடித்துவிட்டு மீதியைப் பூனைக்கு ஊற்றினேன். குளித்தேன். நேற்றைய சட்டையையே போட்டுக்கொண்டேன். காரின் பானெட்டைத் திறந்து எண்ணெய் அளவு பார்த்தேன். குச்சியைத் துடைத்து மறுபடி செருகினேன்.

கணியம்பாடியில் நசீர் பாய் பட்டறையைத் திறக்கும்போது நான் வாசலில் நின்றிருந்தேன்.

கூலரை வரவழைத்து வைத்திருந்தார். என் காரின் எஞ்சினேதான் விலை கூடிய மாடலிலும். அதில் கம்பெனியே ஆயில் கூலர் பொருத்தி அனுப்புகிறது. என்னுடையதில் இடம் மட்டும் விட்டிருக்கிறார்கள்.

உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவில் உட்காரும். உள்ளே ஒரு பக்கம் எண்ணெய் ஓடும், மறுபக்கம் தண்ணீர். ஒன்றோடொன்று கலக்காது. சூடு மட்டும் கைமாறும்.

"இன்னா சார், கெழவிக்கு கொலுசு மாட்றாப்ல இருக்குது," என்றார் பாய்.

நான் சிரிக்கவில்லை.

"மல ஏத்தத்த வுட்டுட்டா இந்த வண்டி இன்னும் பத்து வருசம் ஓடும். இனிமே மலைல உங்களுக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். காரின் அடியில் தட்டை வைக்கக் குனிந்தார்.

என் மனைவி அருணா இறந்த கதை அவருக்கும் தெரியும். இனி செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மலை மேல் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். நெல்லி மரத்து வளைவில் வண்டி சூடாகி நின்றுவிட்டது, எஞ்சின் ஆறுவதற்குள் அவள் போய்விட்டாள்.

இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்த ஊரில், வெளியே உயிர் போனவர்களை வீட்டுக்குள் எடுப்பதில்லை. புளிய மரத்தடியில் கிடத்தினோம். மாமியார் அம்மாக்கண்ணு அவளுக்காக அறையை மெழுகிப் பாய் விரித்து வைத்திருந்தார்.

அந்த வீட்டில் ஒரே அறை. மாமனார் இறந்தது அதில்தான். உயிர் போன இடம் என்று அன்றிலிருந்து அத்தை அங்கே படுத்ததில்லை. மழையானாலும் பனியானாலும் ஆட்டுக் கொட்டகைதான். அருணா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் நானும் சொன்னேன். அவளுக்காகப் பாய் விரிக்கத்தான் அத்தை மறுபடி அந்த அறைக்குள் நுழைந்தார்.

காரியம் முடிந்த அன்று என்னிடம் சொன்னார்: "அந்த வண்டிய சரி பண்ணாம எம் வாசலுக்கு வராதீங்க மாப்ள."

எனக்குப் போக வேறு வாசல் இல்லை.

பாய் எண்ணெயை வடித்தார். இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். எஞ்சினைச் சுற்றி டார்ச் அடித்தார்.

"எண்ணெ கருகவே இல்ல சார். கேஸ்கெட்டும் நல்லாத்தான் கீது. சூடாயி நின்ன வண்டி மாதிரியே இல்லியே."

"மாட்டுங்க பாய்."

என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார்.

ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி நானே வைத்தேன். ஹோஸ்களுக்குக் கிளிப் முடுக்கினேன். புது எண்ணெய் ஊற்றி ஓடவிட்டோம். எங்கும் கசியவில்லை.

அமிர்தி தாண்டியதும் ஏற்றம். இரண்டாவது கியர். வளைவுக்கு வளைவு ஹாரன். முன் சீட்டில் பட்டறைத் துணி ஒன்று கிடந்தது. பின் சீட்டைப் பார்க்கும் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

நெல்லி மரம் வந்தது. நிறுத்தவில்லை.

சூட்டைக் காட்டும் முள் பாதியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

அத்தை வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார்.

"நடுவுல நின்னுச்சா?"

"இல்லீங்க அத்தை."

பானெட்டைத் திறந்து காட்டினேன். முறத்தை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். உமித்தூசி ஒட்டிய விரலால் புது ஹோஸைத் தொட்டார். சுட்டிருக்கும். விரலை எடுக்கவில்லை.

"இத முன்னாடியே மாட்டியிருந்தா எம் பொண்ணு வூடு வந்து சேந்திருப்பா, இல்ல மாப்ள?"

"சேந்திருப்பா அத்தை."

தலையாட்டினார். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துவர அவர் மட்டும் போனார்.

அறைக் கதவு திறந்திருந்தது. அன்று விரித்த பாய் விரித்தபடியே கிடந்தது. தலைமாட்டில் அத்தையின் வெற்றிலைப் பை. பக்கத்தில் அவருடைய போர்வை, மடிக்காமல்.

நான் பானெட்டை மூடினேன்.

அன்றைக்கு அருணா பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெல்லி மரம் தெரிந்ததும் கையை நீட்டி என் தோளைத் தொட்டாள்.

"இங்கயே நிறுத்துங்க. வண்டி சூடாயிடுச்சின்னு அம்மாகிட்ட சொல்லிக்கலாம்."