மகிழம்பட்டி மிக்ஸிகள்

மகிழம்பட்டிக்குக் குடிவந்த அன்றே தேன்மொழி கணவனிடம் சொல்லிச் சிரித்தாள். “என்னங்க, இந்தத் தெருவுல எந்நேரமும் சட்னி அரைக்கறாங்க!”

பிள்ளைகுட்டிகளோடு வாழத் தோதான சிற்றூர்களில் மகிழம்பட்டிக்குத்தான் முதலிடம். நல்ல பள்ளி, நல்ல தண்ணீர். தேன்மொழியின் மூத்த மகளை வாட்டிய மூச்சிழுப்பும் இந்த ஊர்க் காற்றில் நின்றுவிட்டது. மகிழ்ச்சியான ஊர் என்ற பெயர் கெடக் கூடாதென்று ஒரே ஒரு கட்டுப்பாடு. பெரியவர்கள் அழும் சத்தம் வீடுதோறும் சுவரில் பதித்திருக்கும் ஒட்டுக்கேட்கும் கருவிக்குக் கேட்டால், அந்தக் குடும்பம் ஊரைக் காலி செய்ய வேண்டும்.

ஆடி மாதம் அவர்களின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் செய்துவிட்டு வந்த கதிரேசன், மனைவியின் வாயைத் தன் கையால் பொத்தினான். “பெரியவளுக்காகப் பொறுத்துக்க, தேனு.”

பக்கத்து வீட்டுச் சரசக்கா உள்ளே வந்தாள். துக்கம் விசாரிக்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய், மிக்ஸியில் வெறும் ஜாரை மாட்டி முழு வேகத்தில் ஓடவிட்டாள். பிறகு தேன்மொழியை இழுத்து நெஞ்சோடு அணைத்து, அவள் காதில் சொன்னாள்:

“இப்ப அழுவு கண்ணு. மோட்டார் சூடேறுனா எங்கூட்டு மிக்ஸியக் கொண்டாறேன்.”