யார் வரைந்த கருவி?

இருண்ட வானத்தின் மங்கிய ஒளியைப் படமெடுக்கும் கருவியைத் தன் படைப்பென்று ஆய்வகத் தலைவர் மார்தட்டினார். அதை வரைந்தது செத்துப்போன தன் அப்பா என்று அங்கே வேலை பார்த்த ஒரு பெண் சொன்னபோது ஆய்வகமே சிரித்தது. அவள் வாயை மூடிக்கொண்டு அங்கேயே பொறியாளராக இருந்தாள்.

வெள்ளோட்டத்தன்று திரை முழுக்க வெளுத்துக் கிடந்தது.

“ஒளியைப் பிடிக்கிற டிடெக்டர் புத்தம் புதுசு. அப்போ லென்ஸ் அமைப்புதான் கோளாறு. எந்த மகானுபாவர் வரைஞ்சது?” என்று கடுகடுத்தார் சோதனை அதிகாரி.

தலைவருக்கு வியர்த்தது. “சத்தியமா நான் இல்லீங்க! இந்தம்மாவோட அப்பா வரைஞ்சது. நான் பேரு மட்டும்தான் போட்டுக்கிட்டேன்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றாள் அந்தப் பெண்.

அவள் கருவியைத் திறந்து, டிடெக்டருக்குப் பக்கத்தில் முன்கூட்டியே தான் எரியவிட்டிருந்த குட்டி விளக்கை அணைத்து மூடினாள். திரையில் வானொளி அலையலையாகத் தெளிந்தது.

தலைவர் பக்கம் திரும்பினாள்.

“இப்ப உங்களோடதுன்னு சொல்லுங்க சார், பாப்போம்.”