சத்தம் போடாத படகு

திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளில் சத்தமே கூடாது என்று சட்டம் வந்தபின், திருகோணமலையில் முதல் ஊமைப் படகு மரியதாசுக்குத்தான் கிடைத்தது. அன்று மூன்று திமிங்கிலங்கள் கொஞ்சமும் வெருளாமல் படகுக்குப் பக்கத்திலேயே மூச்சு விட்டன. அந்தப் பெருமையோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தான்.

அவனுடைய சாய்மனைக் கதிரையில் மனைவி பிலோமினாவின் தம்பி ரெஜினோல்ட் சாய்ந்திருந்தான். இந்த வாசலை மிதிக்கக் கூடாதென்று பத்து வருடத்துக்கு முன் மரியதாஸ் துரத்திவிட்டவன். கையில் பொரித்த பாரைமீன் தலை.

"எஞ்சின் சத்தம் கேக்கேல்லையே அத்தான்," என்றான், குறைப்படுவதுபோல.

மரியதாசுக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய படகு கடல்முனையைத் திரும்பும்போதே எஞ்சின் சத்தம் ஊருக்கெல்லாம் கேட்கும். அதிலிருந்து அவன் வீட்டுப் படியேற ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில்தான் இவ்வளவு காலமும் இந்தக் குடும்பம் ஓடியிருக்கிறது.

"இப்பிடிப் பூனை மாதிரி வந்தா மனுசர் என்னெண்டு குடும்பம் நடத்துறது?" என்று பிலோமினா அவன்மீதே பாய்ந்தாள். அதன்பின் மூன்று நாள் பேச்சில்லை.

நாலாம் நாள் கரையில் இறங்கியதும் மரியதாஸ் வாயாலேயே "டுப்பு டுப்பு டுப்பு" என்று எஞ்சினைப்போலச் சத்தமிட்டபடி நடந்தான். புதுச் சட்டப்படி கையில் கட்டியிருந்த, சத்தம் அளக்கும் பட்டி சிவந்து துடித்தது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு இன்னும் உரக்க முழங்கினான். வீட்டுக்குள் பாத்திரம் உருண்டது. கொல்லைப்புறப் படலை திறந்து மூடிக் கிறீச்சிட்டது. முருங்கை மரத்தடியில் ஏழு நிமிடம் முழுதாக நின்றுவிட்டுப் படியேறினான்.

"வாங்கோ," என்றாள் பிலோமினா. "இப்பதான் மீனை இறக்கினனான்."

மரியதாஸ் போய்ச் சாய்ந்தான். கதிரை இன்னும் சூடாகத்தான் இருந்தது.