சிறந்த ஆட்டக்காரியின் இடது கால்

மேடையில் துரைசானி, ஜில்லா போர்டு மெம்பர், விசில் ஊதிய டிரில் மாஸ்டர் அப்புசாமி. கீழே நாலு அணிப் பெண்கள், எழுபது பேர். கயிற்றுக்கு அப்பால், மாடு விற்க வந்து, விற்காமல் வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட ஆண்கள்.

மேடை நடுவே ஒரு முக்காலி. அதில் சௌந்திரம்.

அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரி அவள்தான்.

ஓமலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்த துரைசானி, ஆஸ்திரேலியாவிலிருந்து கோழிமுட்டை வடிவத்தில் ஒரு தோல் பந்தையும் கொண்டுவந்திருந்தாள். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், நட்ட கம்பங்களுக்கு நடுவே போனால் ஆறு புள்ளி. மூன்று வருஷத்தில் ராசிபுரம், அயோத்தியாப்பட்டணம் பெண்கள்கூடச் சேலையை வரிந்துகட்டி இறங்கிவிட்டார்கள். முதல் வருஷம் ஊர் சிரித்தது. அடுத்த வருஷம் பந்தயம் கட்டியது.

மாட்டுச் சந்தைத் திடல்தான் ஆடுகளம். வெறுங்கால். தரையெல்லாம் கல், முள், மாட்டுக்கு லாடம் கட்டும்போது சிந்திய ஆணி. மற்றவர்கள் தரையைப் பார்த்து ஓடினார்கள். சௌந்திரம் பந்தை மட்டும் பார்த்து ஓடினாள்.

பரிசு, காலுக்கு ஒரு ஜோடி தோல் சப்பாத்து. அதோடு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, தங்க ஓர் அறை.

அறைக்காகத்தான் அவள் ஆடினாள். தாலி அறுத்த நாளிலிருந்து அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் படுக்கிறாள். கொட்டகைக்குக் கதவில்லை. அண்ணனின் மச்சினன் மயில்சாமிக்கு அது தெரியும்.

போன மாதம், வேலையை விடப்போகும் ஆயா இல்லாத நேரம் பார்த்து அந்த அறைக்குள் போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டுவிட்டுச் சற்று நேரம் நின்றாள்.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அவள் செய்கிற முதல் காரியம், ஓரமாக உட்கார்ந்து இரண்டு கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது.

"ஏண்டி, காலுக்கு மாப்பிள்ளை பாக்க வாராங்களா?" என்று கூட ஆடும் மாரியாயி கேட்பாள்.

இன்று பார்க்க விடவில்லை. கடைசி விசில் அடங்குவதற்குள் தோளில் தூக்கிக்கொண்டு வந்து முக்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

துரைசானி சப்பாத்தோடு அவள் முன்னால் மண்டியிட்டாள். கூட்டம் ஓவென்று கத்தியது. ஒரு வெள்ளைக்காரி இந்த ஊர்க்காரியின் காலைத் தொடப்போகிறாள்.

"நானே போட்டுக்கறனுங்க, அம்மா."

சௌந்திரம் காலை இழுத்துக்கொண்டாள். துரைசானி சிரித்தபடியே இடது காலைப் பிடித்துத் திருப்பினாள்.

உள்ளங்காலில் ஒரு லாட ஆணி, கொண்டை மட்டும் வெளியே தெரிய, இறங்கியிருந்தது.

"இது வலிக்கவில்லையா?"

மாரியாயிதான் பதில் சொன்னாள். சௌந்திரம் என்றால் அவளுக்கு உயிர். எல்லோருக்கும் கேட்கும்படி, பெருமையாகச் சொன்னாள்.

"அவளுக்காங்க வலி? அன்னைக்கு அடுப்புத் தணல மிதிச்சுக்கிட்டே நின்னு எங்கூடக் கதை பேசுனவளுங்க! கருகுன வாசம் வந்துதான் கீழயே பாத்தோம்!"

எழுபது பெண்களும் கை தட்டினார்கள்.

துரைசானி தட்டவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கண்ணை மூடு" என்றாள். "நான் எங்கே தொடுகிறேன், சொல்."

கூட்டம் இதையும் விளையாட்டு என்று நினைத்தது. யாரோ ஒருவன் சீட்டியடித்தான்.

சௌந்திரம் கண்ணை மூடினாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷமாக இல்லை. அதற்குப் பெயர் உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அறையை நினைத்துக்கொண்டாள். அந்தத் தாழ்ப்பாளை.

"குதிகாலுங்க."

யாரும் கை தட்டவில்லை. கண்ணைத் திறந்தாள்.

துரைசானியின் இரண்டு கைகளும் துரைசானியின் மடியில் இருந்தன.

முன்வரிசை பின்னால் நகர்ந்தது. அவளைச் சுமந்து வந்தவர்கள் முந்தானையால் தோளைத் துடைத்துக்கொண்டார்கள். மாரியாயியும் துடைத்தாள்.

சப்பாத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அறையும் அன்றைக்கே கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், குஷ்டரோகிகள் வரிசையில் கடைசி. சுவர் நன்றாக இருந்தது. கதவு கனமாக இருந்தது. மயில்சாமி இனி வரமாட்டான்.

உள்ளே போனதும் சௌந்திரம் திரும்பி நின்று, தாழ்ப்பாளுக்காகக் கதவில் கையை வைத்துத் தடவினாள்.

அது வெளிப்பக்கம் இருந்தது. போட்டுப் பூட்டினார்கள்.