நிலவன் வண்டியின் காற்றுப் பைகள்

கல்மண்டபம் மெக்கானிக் ஷெட்டின் வாசலில் இரண்டு மினி லாரிகள், இரண்டும் ஒரே அளவு ஐஸ் பெட்டிகளோடு நிற்கின்றன. தனசேகரின் வண்டி கமான் பட்டை தொய்ந்து, பின்பக்கம் குந்திவிட்ட கிழ மாடுபோல் கிடக்கிறது. பக்கத்தில் அவன் தோஸ்து நிலவனின் வண்டி, மட்டப்பலகை வைத்துப் பார்த்தாற்போல் நேராக நிற்கிறது. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பாரம் தாங்க இன்று பொருத்திய இரண்டு ரப்பர் காற்றுப் பைகள் புதுச் செருப்பு வாசனையோடு உப்பியிருக்கின்றன. நிலவன் பின்னால் குந்தி, நம்பர் பிளேட் பக்கத்து வால்வில் காற்று அடிக்கிறான். தனசேகர் அதே வண்டிக்கடியில் மல்லாந்து, டியூப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுகிறான். பலகை இடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் அவன் கழுத்தில் சொட்டுகிறது.

"எங்கனா காத்து எறங்குதா, மாமு?"

"பாத்துகினு கீறேன்."

"உன் வண்டிக்கும் ஒரு செட்டு சொல்லிகீறேன். அடுத்த வாரம் மாட்டிக்கலாம்."

அந்தப் பெருந்தன்மைதான் தனசேகருக்கு ஆகவில்லை. அப்போது வலதுபக்க இணைப்பில், நுரைக்குள் ஒரு குமிழி எழுகிறது. மிளகளவு இருந்தது சுண்டைக்காயளவாகி உடைகிறது. மறுபடி எழுகிறது. ஒரு திருகு இறுக்கினால் போதும். ஸ்பேனர் அவன் நெஞ்சின் மேலேயே கிடக்கிறது. தனசேகர் கட்டைவிரலால் நுரையை வழித்தெடுக்கிறான்.

"ஒண்ணியும் இல்ல. கெட்டியா கீது."

"நீ பாத்தா போதும் மாமு. நான் வேற பாக்கணுமா?"

தனசேகர் விரலைக் கைலியில் துடைக்கிறான். வழித்த இடத்தில் ஒட்டியிருக்கும் ஈரத்தில், சின்னதாக ஒரு குமிழி அவனைப் பார்த்தபடியே வளர்கிறது.