ஒருமையில் ஒரு வரி

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. நடுவரின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் பிரேக் ஷூ டப்பாக்களுக்குப் பின்னால் எங்கோ விழுந்தது.

இரண்டாவது அடியைத் தடுக்கக் கையை உயர்த்துவதற்குள் மூன்றாவதும் வந்துவிட்டது.

காலை பத்து மணி. உதிரிபாகக் கடையை அப்போதுதான் திறந்திருந்தார். வந்தவன் எதிரே லாரியை நிறுத்தி இறங்கி, "இங்க நடுவர்ங்கிறது யாரு?" என்று கேட்டான். "நான்தாங்க" என்று எழுந்தார். அவ்வளவுதான்.

அந்தப் பெயரைச் சொல்லி ஆள் தேடி வருவது அவருக்குப் புதிதல்ல. பட்டறைக்காரர்களுக்காக இணையத்தில் அவர் 'நடுவர்' என்ற பெயரில் நடத்தும் மன்றத்தில் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். மெக்கானிக்கும் வெல்டரும் கெட்ட வார்த்தை இல்லாமல் வாதாடும் ஒரே இடம் என்று பெயர். ஆளை விட்டுவிட்டுக் கருத்தோடு மோத வேண்டும், காரணம் சொல்லாமல் மறுக்கக் கூடாது என்று விதிகள் எழுதி முகப்பில் மாட்டியிருந்தார். அதன் கீழேயே கடை முகவரி. வந்து கைகுலுக்கிப் போகிறவர்கள் உண்டு.

"எதுவா இருந்தாலும் உக்காந்து பேசுவோங்க" என்றார், வாய் நிறைய ரத்தத்தோடு.

அதைக் கேட்டதும்தான் அவனுக்கு வெறி ஏறியது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அலமாரியில் மோதினான். தட்டுகள் சரிந்தன. நட்டும் போல்ட்டும் தலைமேல் கொட்டின. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. கீழே விழுந்தவரின் விலாவில் முழங்காலை ஊன்றி, முகத்தில் குத்தினான். குத்திக்கொண்டே இருந்தான். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் நடுவருக்கே கேட்டது.

பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து அவன் கைகளைப் பின்னால் மடக்கினார்கள்.

அவன் மூச்சு வாங்கினான். "சட்டைப்பையில போன் இருக்கு. அதுல இருக்கறத அந்தாளுக்குக் காட்டுங்க."

கண்ணாடிக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். மங்கிய கண்ணுக்கு வெகு அருகில் பிடித்தபின்தான் எழுத்து தெரிந்தது. மன்றப் பக்கத்தைப் பிடித்துவைத்த படம். எல்லாம் நடுவர் எழுதிய எழுத்து.

'மதிப்பிற்குரிய உறுப்பினரே, தங்கள் பதிவு நீக்கப்பட்டது. சக உறுப்பினரை ஒருமையில் அழைத்துள்ளீர்கள். காரணத்தோடும் கண்ணியத்தோடும் எழுத வேண்டுகிறோம்.'

ஞாபகம் வந்தது. நான்கு நாளைக்கு முன்பு. ஒரு டயர் கடைக்காரர் கேட்டிருந்தார்: லாரிச் சக்கரத்து ரிம்மில் விரிசல். காற்றை இறக்கிவிட்டு, டயரைக் கழற்றாமலேயே வெல்டிங் வைக்கலாமா?

மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் எழுதினார். காற்று இல்லையென்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் வெடிக்க வழியில்லை. ஆகவே தாராளமாகச் செய்யலாம். படிக்கவே அழகாக இருந்தது. இருபது பேர் பாராட்டினார்கள். 'விவாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று நடுவரும் ஒரு வரி போட்டார்.

அதற்குக் கீழேதான் ஒருவன் வந்து விழுந்தான். மன்றத்தில் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அதுவரை ஒரு சொல் எழுதாதவன்.

'டேய் மடையா, டயரோட நெருப்பு வைக்காதடா. செத்துப் போவடா.'

சூட்டில் ரப்பர் வெந்து, உள்ளே புகை அடைத்துக்கொண்டு வெடிக்கும் என்றெல்லாம் அவன் விளக்கவில்லை. நடுவர் அரை நிமிடத்தில் நீக்கினார். அவன் மறுபடி போட்டான். மறுபடி நீக்கினார். மூன்றாவது முறை போட்டபோது ஏழு நாளைக்கு அவன் வாயைப் பூட்டினார்.

டயர் கடைக்காரர் அனைவருக்கும் நன்றி சொல்லி, மதியத்துக்குள் முடித்துவிடுவதாக எழுதினார். மறுநாள் நடுவர் அவருக்கு நினைவூட்டினார்: 'வேலை முடிந்ததா? தங்கள் அனுபவத்தைப் பகிரவும்.' பதில் இல்லை.

கண்ணாடிக் கடைக்காரரின் விரல் அடுத்த படத்துக்குத் தள்ளியது. தகரக் கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. சுவரில் பாதி புதைந்த ரிம். தரையைக் கழுவியிருந்தார்கள். கழுவியும் போகவில்லை. காட்டிக்கொண்டிருந்தவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடுவர் சுவரைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. "எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க மரியாதையா, ஒரு காரணம் சொல்லி எழுதியிருந்தா நான் நீக்கியிருக்கவே மாட்டேன்."

வந்தவன் திமிறவில்லை. குரலும் உயரவில்லை.

"போன் பண்ணாதவனா நான்? வீட்டுச் சண்டையில ரெண்டு வருஷமா என் நம்பரைத் தடுத்து வச்சிருந்தான். நான் எங்கேயோ ரோட்டுல நிக்கிறேன். அவன் என்ன எழுதறான்னு பாக்கத்தான் உன் மன்றத்துலயே சேந்தேன்."

நிறுத்தினான்.

"என் தம்பிய்யா. இடுப்புல தூக்கி வளத்தவன். அவன வேற எப்படிக் கூப்பிடுவேன்?"

பிடித்திருந்த மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கையை எடுத்தார்கள்.

நடுவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தை மறைக்கத் தானாக எழுந்த கையைக் கீழே இறக்கினார். அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்.

அவன் அடிக்கவில்லை.