சுவருக்கு அந்தப் பக்கம்

சுவர் வெடிப்புக்குள் ஈர்க்குச்சியை விட்டு இழுத்தாள். உண்ணிகள் உதிர்ந்தன.

ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. பொறுக்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள்.

கறவை மாடு செத்து ஒன்பது நாள். கொட்டகையில் இப்போது அதன் கிடாரிக் கன்று மட்டும்.

உண்ணிக் காய்ச்சல் என்றார் மாட்டு டாக்டர். மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. அதற்குப் பிறகு இரண்டே நாள்.

"கன்னுக்குட்டியாச்சும் மிஞ்சோணும்னா மருந்தடிங்க. சுவத்துக்கு அந்தப் பக்கமும் அடிக்கோணும். இல்லாட்டி வெடிப்பு வழியா திரும்பவும் இங்கதான் வரும்."

அந்தப் பக்கம் மூத்த ஓரகத்தி மயிலாத்தாளின் மாடு.

முன்பு ஒரே கொட்டகை. பங்கு பிரித்தபோது நடுவில் மண்சுவர் எழுந்தது. பிள்ளை இல்லாதவளுக்கு எதற்கு இரண்டு மாடு என்று மயிலாத்தாள் அன்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

ஆறு வருடம். இருவருக்கும் பேச்சில்லை.

டாக்டர் சொன்னதையும் இவள் போய்ச் சொல்லவில்லை. ஒன்பது நாளும்.

சொல்லாமல் இருந்தது முதல் இரண்டு நாள் ஆறுதலாகக்கூட இருந்தது.

இன்று காலை கன்றின் காதுக்குள் மூன்று உண்ணி.

மருந்தைக் கலக்கினாள். தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி அந்த வாசலுக்குப் போனாள்.

மயிலாத்தாள் கொட்டகைக்குள் குந்தியிருந்தாள். எழவில்லை. திட்டவில்லை.

மாடு தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. தவிட்டுத் தண்ணீர் அப்படியே இருந்தது. பின்னால் மண் கறுஞ்சிவப்பாக நனைந்திருந்தது.

"உன்ற மாடும் இப்பிடித்தான் படுத்துச்சா?"

தெளிப்பானைக் கீழே வைத்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள்.

எத்தனை நாளாச்சு என்று அவர் கேட்டதை இவள் திருப்பிக் கேட்டாள். மயிலாத்தாள் மூன்று விரலைக் காட்டினாள்.

"கண் ரப்பையை இழுத்துப் பாருங்க. உள்ள செவப்பு இருந்தா ஊசி போட்டுப் பாக்கலாம். வெளுத்திருந்தா நான் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

இவள் குனிந்து இமையை இழுத்தாள்.

துளிச் சிவப்பில்லை.

டாக்டர் இரண்டு முறை கேட்டார். இவள் போனைத் துண்டித்தாள்.

"என்ன சொல்றாரு?"

மயிலாத்தாள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வர்றேன்னாருங்கக்கா."